மூன்றாம் மேசைக்காரர்

காலை எட்டு மணிக்கு ஆவடி வீட்டில் ஜெசிந்தா மெய்நிகர் கண்ணாடியை மாட்டியதும், சிகாகோவின் பழம்பெரும் ஜாஸ் கிளப்பில் அவள் உருவம் ஆடத் தொடங்கிவிடும். கிளப் காலியாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் வேலை. நிஜ வாடிக்கையாளர் ஒருவராவது இருக்கும்வரை நிறுத்தக் கூடாது.

பக்கத்து அறையில் குழந்தை அழுதது. ஒரு மாதமாக தினமும் வரும் மூன்றாம் மேசை வெள்ளைக்காரர் இன்றும் நகர்வதாக இல்லை. தவிப்போடு ஆடியபடியே அவரை நெருங்கினாள்.

அவர் அவளைப் பார்த்தபடி தமிழில் முணுமுணுத்தார். "இந்தம்மா எப்பத்தான் வீட்டுக்குக் கிளம்புமோ."

"நானும் கூலிக்குத்தாண்ணே ஆடுறேன்."

இருவரும் சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றப் போனார்கள்.

மேடையில் நின்ற பாடகி மட்டும்தான் அங்கே நிஜம். அவள் மைக்கை நெருங்கி ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்கள் இரண்டு பேர் வருவதால்தான் இன்னும் பாடுகிறேன்."

குழந்தை வீறிட்டது. ஜெசிந்தா ஆடினாள்.