கே. நேசராஜா

நூலகத்திலிருந்து வந்த கடிதத்தை நேசராஜா மூன்று தரம் வாசித்தார்.

'அன்பின் நேசராஜா, உங்கள் ஓவியங்களை எங்கள் வசந்தகாலக் கண்காட்சியில் வைக்க விரும்புகிறோம்.'

இருபத்திரண்டு வருசம். டென்மார்க்கின் பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, மிச்ச நேரமெல்லாம் மனித முகங்களாகக் கீறித் தள்ளியவர். ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது இந்தக் கடிதம்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் அந்தோனிதாசனுக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழும்பி, கர்த்தரின் கிருபை என்று சாட்சியும் சொன்னார்.

திங்கட்கிழமைதான் கடிதத்தின் மறுபக்கத்தைப் பார்த்தார்.

'குறிப்பாக அந்தக் கறுப்பு லாப்ரடோர் நாயை மறக்காமல் அனுப்புங்கள்.'

கடிதம் அவருக்கில்லை. மனுசி கிருபாமலருக்கு. டென்மார்க்கில் குடும்பப் பேர் கேட்டபோது, எல்லாத் தமிழ்ப் பெண்களையும் போல அவளும் புருசன் பேரை எழுதிக் கொடுத்தாள். படத்தின் மூலையிலும் அதே 'கே. நேசராஜா'தான்.

நாலு வருசத்துக்கு முன் சும்மா பக்கத்து வீட்டு நாயைக் கீறத் தொடங்கியவள். இன்றைக்கு டேனிஷ்காரர் தங்கள் நாயைக் கீறித் தரச் சொல்லி ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பேப்பரிலும் வந்துவிட்டது. ஆளின் படம் இல்லை, நாயின் படம் மட்டும். கீழே கொட்டை எழுத்தில் நேசராஜா.

பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் வயிறு எரிந்தது.

"மலர், நாய் கீறுறது ஒரு கலையோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. சும்மா ஒரு பொழுதுபோக்கு."

"பொழுதுபோக்குக்கு ஏன் ஆறு மாத வரிசை?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

சண்டைக்காவது வருகிறாளா என்றால் அதுவும் இல்லை. அது இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை முடிவெடுத்துவிட்டார். இந்த வீட்டில் ஒன்றில் நாய், ஒன்றில் நான். அவள் வேலையால் வந்ததும் கேட்டுவிடுவது.

மூன்று மணிக்குப் போன் வந்தது. கிருபாமலர்தான்.

"இஞ்சேருங்கோ, முதியோர் இல்லத்தில எனக்குப் பதில் ஆள் இன்னும் வரேல்லை. மாக்கிரட் எண்டு ஒரு அம்மா நாயோட வருவா. கோப்பி குடுத்து இருத்தி வையுங்கோ."

"நான் உன்ர நாய்களுக்குக் காவல்காரனோ?"

"ஓமப்பா, இண்டைக்கு மட்டும்."

போன் வைத்த கையோடு மணி அடித்தது. வாசலில் எழுபது வயது மதிக்கத்தக்க டேனிஷ் அம்மா. காலடியில் மூக்கு நரைத்த ஒரு நாய்.

"நேசராஜா?" என்றார்.

"ஓம்" என்றார் இவர், டேனிஷில். அது பொய்யில்லையே.

மாக்கிரட் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்களைப் பார்க்க எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன்."

'நானில்லை, என் மனைவி' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நேசராஜாவுக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருசத்தில் ஓர் ஓவியருக்குக் கொடுக்கிற மரியாதையோடு அவர் கையை ஒருத்தரும் பிடித்ததில்லை. உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"உங்களோடு எனக்குக் கோபம் இல்லை" என்றார் மாக்கிரட்.

"கோபமோ? ஏன்?"

"நாயோடு சேர்த்து என்னையும் வரையக் கேட்டேனே. மாட்டேன் என்றுவிட்டீர்கள். மடியும் கையும் மட்டும்தான் வருமாம், முகம் வராதாம்."

நேசராஜாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். அதுதானே, அவளுக்கு முகம் வராது. நாயைக் கீறலாம், மனிதரைக் கீறிப் பார்க்கட்டும்.

"முகம் எல்லாருக்கும் வராது" என்றார் கொஞ்சம் நிமிர்ந்து.

மாக்கிரட் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "உங்களுக்கா வராது? என் போட்டோவைப் பார்த்து, படத்தில் நாய் எப்படி இருக்கும் என்று காட்ட நீங்கள் வரைந்து அனுப்பியதுதானே இது."

பென்சில் படம். ஒரு மடியில் நாய். அதற்கு மேலே, நாலைந்து கோட்டில், மாக்கிரட்.

நேசராஜா தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவா வேண்டாமா என்று நிற்கிற அந்த உதடு. தனிமை பழகிப்போன அந்தக் கண். அவர் இருபத்திரண்டு வருசமாகத் தேடியும் அவருடைய கைக்கு ஒரு நாளும் வராதது, அவள் ஏதோ அவசரத்தில் போட்ட கோட்டில் இருந்தது.

வயிறு எரியவில்லை. தாளை யன்னல் வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பிறகு ஏன்... ஏன் மாட்டேன் எண்டது?" என்று கேட்டார். யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

"நீங்கள் எழுதினது உங்களுக்கே மறந்துபோச்சா?" மாக்கிரட் போனை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'இந்த வீட்டில் முகம் வரைவது என் வாழ்க்கைத் துணையின் வேலை. நானும் அதில் கை வைத்தால் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். எனக்கு நாய்கள் போதும். தயவுசெய்து இந்தப் பென்சில் படத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள்.'"

நேசராஜா தாளை மடியில் வைத்துக்கொண்டார். நாய் வந்து அவருடைய காலடியில் படுத்தது.

மாக்கிரட் போனை மூடினார். "முகம் வரைகிற அந்த அம்மா வீட்டில் இல்லையா? ஒருதரம் பார்க்க ஆசை" என்றார். "இப்படி ஒரு கணவர் கிடைக்க உங்கள் மனைவி கொடுத்துவைத்திருக்க வேண்டும்."