வாய் அகன்ற அடுப்பு

அது தொண்ணூற்றேழாம் ஆண்டா, அதற்கு அடுத்த ஆண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டுத் தெளிவதற்கு அந்தத் தம்பதியர் இருவருமே இப்போது இல்லை. ஆனால் அன்று கடையில் வசந்தமலர் ஒவ்வொரு அடுப்புக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தது நிச்சயம்.

"இதென்னப்பா, வயித்தைத் தள்ளிக்கொண்டு நிக்குது, உங்கடை பெரியண்ணை மாதிரி!"

தில்லையம்பலம் சிரிக்கவில்லை. லண்டனில் குரோய்டனுக்கு அப்பால் இருந்த அந்தத் தோட்டக் கடையில், பானை வயிறும் புகைபோக்கிக் கழுத்துமாக மண் அடுப்புகள் நின்றன. குளிர்காலத்தில் தோட்டத்தில் வைத்து விறகு எரித்துக் காய்வதற்கானவை. அவர் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேட்டார். மந்தமாக ஒலித்தவற்றில் எங்கோ கீறல் இருக்கும் என்று ஒதுக்கினார்.

"அங்காலை இரும்பிலையும் கிடக்கு. உடையாது."

"மண்தான் வேணும்."

வசந்தமலர் அவரை ஒரு கணம் பார்த்தாள். ஏனென்று கேட்கவில்லை. விரல்களை மடித்துப் பொத்திக்கொண்டு, ஓர் அடுப்பின் வாய்க்குள் கையை நுழைத்தாள். "இது வாய் காணாது." அடுத்ததற்குப் போனாள். "இதுவும் காணாது." மூலையில் நின்ற ஒன்றில் கை தாராளமாகப் போய் வந்தது. "இதை எடுங்கோ."

"என்ன, கிழங்கு சுடப் போறீரோ?"

"வாய் அகலமா இருந்தா நல்லதுதானே."

பாவிக்கும் முறையைக் கடைக்காரன் விளக்கினான். அடியில் மணல் பரப்ப வேண்டும். முதல் சில தடவைகள் சின்ன நெருப்புத்தான். மண் சூட்டுக்குப் பழக வேண்டும். மரவேலியிலிருந்து தள்ளி, சமமான கல்லின் மேல் வைக்க வேண்டும். எவ்வளவு குளிரென்றாலும் வீட்டுக்குள் மூட்டக் கூடாது, புகை ஆளைக் கொல்லும். அடுப்பு சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். தில்லையம்பலம் பரீட்சைக்குப் போகிறவரைப் போல எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"உமக்குக் கால் விறைக்குது எண்டுதான் வாங்கினனான்" என்றார், பஸ்ஸில்.

அது பொய்.

அதற்கு முந்தின வருடம் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் வாசலில் தியாகராஜா என்ற பெடியன் அவரை மறித்தான். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, கிளாலிக் கடலில் அவர்களுடைய மகன் பாலேந்திரா ஏறிய அதே படகில் வந்தவன். "அங்கிள், எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவன். நேவியின்ரை சூடு பட்டு விழுந்திட்டான். இருட்டு. தேட ஏலேல்லை." அவ்வளவுதான் சொன்னான்.

அதை அவர் மனைவியிடம் எப்படிச் சொல்வார்? மேல்மாடிச் சின்ன அறையை அவள் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்க விடவில்லை. ஆளில்லாத கட்டிலின் விரிப்பை ஞாயிறுதோறும் மாற்றினாள். மகனைப் பற்றி யாராவது கேட்டால், "வருவான்" என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்தாள். அந்தச் சொல் அவளுக்கு இருக்கட்டும் என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைக்கலாம் என்று கோயில் ஐயர் சொன்னார். தோட்டத்தில் வெறுந்தரையில் எரித்தால் பக்கத்து வீட்டுக்காரி கவுன்சிலுக்குப் போன் பண்ணுவாள். மண் அடுப்புக்குள் எரிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் பயந்தது மனைவி ஒருத்திக்குத்தான்.

மாலைகளில் சின்ன நெருப்பு மூட்டினார். அவள் பிளாஸ்டிக் கதிரையில் கால் நீட்டி இருந்தாள்.

ஒருநாள், "கொஞ்சம் பெரிசா எரியுங்கோவன்" என்றாள்.

"இன்னும் பழகேல்லை."

"எது? அடுப்போ?"

அவர் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சிநேகிதி அருள்நாயகியின் காரில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டாள். முன்கதவு சாத்திய சத்தம் கேட்டதும் தில்லையம்பலம் தலை முழுகி, வேட்டிக்கு மேல் ஓவர்கோட் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கருவிகள் வைக்கும் கொட்டிலிலிருந்து, தான் செய்து ஒளித்துவைத்த தர்ப்பை உருவத்தை எடுத்தார். ஒரு முழம்கூட இல்லை. ஆறடி வளர்ந்த பிள்ளை.

உலர்ந்த விறகின் மேல், தலை தெற்கே இருக்கக் கிடத்தினார். நெருப்புக்குச்சி இரண்டு தரம் அணைந்தது. மகன் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தகப்பன் செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது குச்சியை எடுத்தார்.

வீட்டின் பின்பக்கம் குசினிக் கதவு திறந்தது.

வசந்தமலர் நின்றாள். கோயில் சேலையை மாற்றியிருந்தாள். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது.

அவர் அவசரமாக அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். "போகேல்லையோ? இது... சும்மா... குளிருக்கு—"

"தியாகராஜா முதல் என்னட்டைத்தான் சொன்னவன்" என்றாள். "உங்களாலை தாங்க ஏலாது எண்டுதான் நான் வாய் திறக்கேல்லை. ஐயர் தர்ப்பை உருவத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் உங்களுக்கும் தெரியும் எண்டு விளங்கினது."

அவருக்கு மேல்மாடிக் கட்டில் ஞாபகம் வந்தது. அந்த விரிப்புகளெல்லாம் யாருக்காக மாற்றப்பட்டன என்பது அப்போதுதான் விளங்கியது.

அவள் அருகே வந்து அவரை மெல்ல விலக்கினாள். அடுப்பின் வாய்க்கு நேரே குனிந்து, பொத்தியிருந்த கையை விரித்தாள். பச்சரிசி.

"தள்ளுங்கோ. வாய்க்கரிசி போடாமலோ பிள்ளைக்குக் கொள்ளி வைக்கப் போறியள்?"