பச்சைப் புள்ளி

"இந்த மாடல்ல பூட்லோடர் திறக்க முடியுமா?" என்று யாமினி கேட்டதுமே அவள் அப்பா கங்காதரன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

தி.நகரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொபைல் கடை வாசல் வரை முண்டிக்கொண்டிருந்தது. கடைக்காரன் சைஃப் உற்சாகமாகிவிட்டான். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அவனுக்கு அபூர்வம்.

"தாராளமாக்கா! கம்பெனிக்காரன் போட்ட பூட்டு அது. தொறந்துட்டா உள்ள கீற சாப்ட்வேர மொத்தமா தூக்கிட்டு, நீங்க எழுதுனத போட்டுக்கலாம். அப்பால போன் நீங்க சொல்றதத்தான் கேக்கும்."

"அதுல வேற யாராவது எதையாவது போட்டா?" கங்காதரன் அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

"இன்னா சார் நீங்க! எவன் எத ஒளிச்சு வெச்சாலும் அக்காகிட்ட மாட்டிக்குவான்."

கங்காதரன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மாட்டிக்கொள்ளப் போகிறவர் அவர்தான். ஈக்காட்டுத்தாங்கலில் மெஷின்களுக்கு புரோகிராம் எழுதும் வேலையில் மகள் சேர்ந்த புதிதில், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் போனில் ஒரு ஆப்பை ஒளித்து வைத்திருந்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர் போனில் ஒரு பச்சைப் புள்ளி காட்டிவிடும். தப்புதான். ஆனால் தாயில்லாத பெண் வீடு வந்து சேரும்வரை அவருக்கும் ஒரு வாய் சோறு இறங்க வேண்டாமா?

தங்கமான பெண். ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ். புள்ளி ஒருநாளும் தடம் மாறியதில்லை. புதுப் போனிலும் அந்த ஆப்பை ஏற்றாவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

"திறந்ததெல்லாம் எதுக்கும்மா? வாரண்டி போயிடும். பேங்க் ஆப் ஓடாது. வெடிச்சுகூடப் போகுமாம்!" தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

"புரோகிராம் போட்டுப் பார்க்கணும்ப்பா. பூட்டின போனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"மழையில நீ எங்கயாவது மாட்டிக்கிட்டப்போ, போன் செத்துப்போச்சுன்னா? உன்ன நான் எங்க போய்த் தேடுவேன்?" அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

யாமினி தன் பழைய போனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சரிப்பா. பூட்டினதே வாங்கிக்கலாம். நீங்க நிம்மதியா இருந்தா போதும்."

கங்காதரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பழச குடுக்கா, எக்ஸ்சேஞ்ச் போட்டுர்லாம்" என்று சைஃப் கையை நீட்டினான்.

யாமினி கையிலிருந்த பழைய போனைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இது வேணாங்க. எனக்கு நல்லாப் பழகிடுச்சு. ஆபீஸுக்கு இதையேதான் எடுத்துட்டுப் போவேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது கங்காதரனுக்கு. பணம் அனுப்பத் தன் போனை எடுத்தார். விரல் பழக்கதோஷத்தில் அந்த ஆப்பைத் தொட்டுவிட்டது. மகள் கூடவே இருக்கும்போது அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இதுவரை வந்ததே இல்லை.

யாமினி பழைய போனும் கையுமாக அவர் தோளை உரசியபடி நின்றிருந்தாள். பச்சைப் புள்ளியோ, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.