பூட்டியவர் பெயர்

“டூட்டிப் பட்டியல் ஃபைலைப் பூட்டினது நீங்கதான்னு பேர் போட்டிருக்கேக்கா...”

“இன்னிக்கு அதை நான் திறக்கவே இல்லைங்கிறேன்...”

“எல்லாரும் பாடுற பாட்டுதான். எங்கயோ திறந்து வச்சுட்டு மூட மறந்திருப்பீங்க.”

கம்ப்யூட்டர்காரனின் இளக்காரம் தலைமை நர்சுக்கு எரிச்சலூட்டியது. நாலு பொத்தான் தட்டத் தெரிந்துவிட்டால் மகாராஜா என்ற நினைப்பு! நாளைக் காலை அவள் தங்கைக்கு ஆபரேஷன். மூன்று மணிக்குள் நாளைய டூட்டிப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்தால்தான் விடுப்பு.

அவன் தன் லேப்டாப்பிலிருந்து பூட்டை இரண்டு முறை அழித்தான். இரண்டு முறையும் அது அவள் பெயரோடு திரும்பி வந்தது. அவளுடைய கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கினான். பெயர் போகவில்லை.

“மாடியில பழைய வார்டு கம்ப்யூட்டர்ல திறந்து வச்சிருப்பீங்க” என்று சலித்துக்கொண்டே படியேறினான். இரண்டு வருடமாக அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

மூன்று மணிக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள். மாடியிலிருந்து கம்ப்யூட்டர்காரன்.

“யாருங்க? அக்கா மாடியிலதான் இருக்காங்க. நாளைக்கு டூட்டி தன் பேர்லயே இருக்கட்டும்னு ஃபைலை மூடிட்டாங்க. பட்டியல் பிரிண்டுக்குப் போயாச்சுன்னு வார்டுல சொல்லிடுங்க.”

“தம்பி, நான்தாம்ப்பா பேசுறேன்.”

“விளையாடாதீங்க. அவங்க என் எதிர்ல உக்காந்திருக்காங்க. நீங்க யாரு?”