கதவடி வெளிச்சம்

மகளின் அறைக் கதவடியில் விடிய விடிய வெளிச்சம் தெரிந்தது. புத்தகப் பக்கம் புரளும் சத்தமும் கேட்டது. தூங்கினால் டாக்டராக முடியாது என்று கண்டித்திருந்த அம்மாவுக்கு நிம்மதி.

குறட்டைக்காகக் கூடத்துக்குத் துரத்தப்பட்ட கணவர் காலையில் தையல் மெஷின் மேலேயே தூங்கி விழுந்தார்.

"பெத்த பொண்ணைப் பாத்தாவது கத்துக்குங்க" என்றாள்.

பிறகு பாடப் புத்தகத்தை விரித்து மகளைக் கேட்டாள். "இதயத்துல இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல என்ன வால்வு?"

மகள் வாய் திறப்பதற்குள் கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மிட்ரல். ரெண்டு இதழ். எழுபத்தாறாம் பக்கம்."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்து எத்தனை மணி நேரம்டி தூங்கினே?"

"எட்டும்மா."

புத்தகத்தை மூடினாள்.

"இனிமே விளக்கை அணைச்சிட்டே தூங்கு. உங்கப்பாவும் கொஞ்சம் தூங்கட்டும்."