பதினொண்ணு, பன்னெண்டு

“கடைசி நம்பர் நம்மதுதானே? நான் பன்னெண்டுன்னு கத்தாம படகு நகராது. இன்னும் ரெண்டு நிமிஷம் உக்காருடி.”

கணவன் கையைப் பிடித்து இழுக்க, எழுந்த நர்ஸ் மறுபடியும் பாறையில் உட்கார்ந்தாள்.

கடலுக்கு நடுவே ஒரு மணல் திட்டு. நாலைந்து பாறைகள், வேறொன்றும் இல்லை. மதியம் தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும், சாயங்காலம் மூழ்கிவிடும். கரையில் இருந்த விடுதி, பன்னிரண்டு பேரைப் படகில் ஏற்றி அங்கே குளிக்க அனுப்பியிருந்தது. ஆளுக்கொரு நம்பர். திரும்பும்போது வரிசையாகக் கத்த வேண்டும். அவளுக்குப் பதினொன்று, அவனுக்குப் பன்னிரண்டு.

மகள் பிறந்து இரண்டு வருடத்தில் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசிய முதல் ஒரு மணி நேரம் இது. மகள், விடுதியின் குழந்தைகள் அறையில் ஆயாவிடம் இருந்தாள்.

“பாப்பா இந்நேரம் முழிச்சிருப்பா. இதுவரைக்கும் அவளை யார்கிட்டயும் விட்டதில்லை. அஞ்சு மணிக்கு வந்துடுவேன்னு ஆயாகிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“ஆபரேஷன் தியேட்டர்ல பஞ்சு எண்ணுற பொம்பளை நீ. உனக்கே எண்ணிக்கை மேல நம்பிக்கை இல்லேன்னா எப்படி?”

“பஞ்சுக்குப் பக்கத்துல புருஷன் உக்காந்து வம்பு பண்ண மாட்டான்.”

அவன் சிரித்தான். பாறைக்கு அந்தப் பக்கம் படகுக்காரர் விசில் ஊதினார்.

“ஒண்ணு!” “ரெண்டு!” “மூணு!”

குரல்கள் தண்ணீர் மேல் தெளிவாக வந்தன. ‘ஒன்பது’ கேட்டதும் அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். ‘பத்து’ கேட்டதும் வாயைத் திறந்தாள்.

“பதினொண்ணு!”

அவள் சொல்லவில்லை. ஒரு பெண் குரல் சொன்னது.

“பன்னெண்டு!” என்றது உடனே ஓர் ஆண் குரல்.

இன்ஜின் உறுமியது.

இருவரும் வழுக்கி விழுந்து, முழங்கால் சிராய்த்து, பாறையைச் சுற்றி ஓடி வருவதற்குள் படகு கூப்பிடு தூரத்தைத் தாண்டிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினார்கள். இன்ஜின் சத்தத்தில் ஒருவரும் திரும்பவில்லை. கடைசிப் பலகையில் இருந்த இரண்டு பேர் மட்டும் மெதுவாகத் திரும்பினார்கள். எதிர்வெயிலில் முகம் தெரியவில்லை. கை மட்டும் ஆட்டினார்கள்.

“நம்மகூடப் படகுல வந்த காலேஜ் பசங்கதான்! காலையில இருந்தே வாய்க்கொழுப்பு. கரைக்குப் போனதும் பல்லைப் பேத்துடறேன் பாரு.”

“பொண்ணு குரலா இருந்துச்சேங்க?”

“மிமிக்ரி பண்ணியிருப்பானுங்க. கொஞ்ச நேரம் நம்மை அலற விட்டுட்டுத் திரும்பி வருவானுங்க.”

யாரும் வரவில்லை. அரை மணி நேரத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. போன் இரண்டும் விடுதி அறையில். கழற்றிப் போட்ட லைஃப் ஜாக்கெட் இரண்டும் படகில். இருவருக்கும் நீச்சல் தெரியாது. இருந்ததிலேயே உயரமான பாறை மேல் ஏறி, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. அலைச் சத்தமே இல்லாமல் கடல் ஏறிக்கொண்டே இருந்தது.

“ஆள் குறைஞ்சா தேடி வருவாங்கங்க,” என்றாள் அவள். “எண்ணிக்கை சரியா இருந்தா யாருங்க தேடுவா? தியேட்டர்லயும் அப்படித்தான். பஞ்சுக் கணக்கு சரியா வந்துட்டா தையல் போட்டுடுவோம். அப்புறம் யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க.”

“வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. பாப்பாவை நினைச்சுக்கோ. கையை மட்டும் விட்டுடாதே.”

அவள் பாப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்தாகியிருக்கும். கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

தண்ணீர் பாறையை மூடி, இடுப்பைத் தாண்டி, மார்புக்கு வந்தபோது, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது ஒரு மீன்பிடிப் படகு. வலை இழுத்துக்கொண்டிருந்தவர் இருவரையும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் படகில் போட்டு, நடந்ததைக் கேட்டார்.

“என்னங்க இது அநியாயம்! அந்த விடுதிப் படகுக்காரர் ஆளை விட்டுட்டு வர்றவரே இல்லையே. நம்பரைக் கேட்டும் திருப்தியாகாம, கையால தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாரே!”

“நல்லா எண்ணினார் போங்க!” என்றான் கணவன் ஆத்திரமாக. உயிர் வந்ததும் கோபமும் வந்துவிட்டது. “கரைக்குப் போய் அவருக்கு இருக்கு கச்சேரி.”

படகு மணலில் தட்டியதும் அவள் யாருக்காகவும் நிற்கவில்லை. ஈரத்துணி காலைத் தடுக்கத் தடுக்க ஓடினாள். கணவன் பின்னாலேயே ஓடி வந்தான். குழந்தைகள் அறையில் விளக்கு அணைந்திருந்தது. ஆயா வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆயாம்மா... லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க... பாப்பா ரொம்ப அழுதாளா? எங்கே அவ?”

ஆயா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னம்மா, திரும்ப வந்து என்கிட்ட கேக்கறீங்க? அஞ்சு மணிக்கெல்லாம் நீங்க ரெண்டு பேரும்தானே வந்து நின்னீங்க? பாப்பாதான் உங்களைப் பார்த்ததும் வரவே மாட்டேன்னு என் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஒரே அலறல். நான்தான் அவ விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு உங்க கையில குடுத்தேன்.”