கயிற்றுக்குள் நின்ற நெல்

மழை பொய்த்த வயலின் நடுவே அதிகாரிகள் நான்கு முளை அடித்து, சதுரமாகக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குள் விளைந்ததை அவர்களே வந்து அறுத்து எடை பார்த்தால்தான் ஊருக்குக் காப்பீட்டுப் பணம் வரும். அதுவரை யாரும் தொடக்கூடாது. சுற்றிலும் பதராய் நின்றதை மாட்டுக்கு அறுத்துப்போட்ட இருளாண்டி, சதுரத்தை மட்டும் விட்டுவைத்தார்.

ஒருநாள் வேளாண்மை அலுவலகத்துப் பெண் வந்தாள். கையில் தராசு இல்லை.

"காப்பீட்டுச் சட்டம் போன மாசத்தோட முடிஞ்சிருச்சுண்ணே. புதுசு போட்டாத்தான் அளக்க முடியும்."

"அப்ப எங்களுக்கு?"

அவள் முளைகளைப் பிடுங்கி, கயிற்றை முழங்கையில் சுற்றத் தொடங்கினாள்.

"ஆபீஸ் கயிறுண்ணே. திருப்பிக் குடுக்கணும்."

கடைசி முளை வரவில்லை. இருளாண்டியே அதை ஆட்டிப் பிடுங்கி, மண்ணைத் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் கஞ்சி கொண்டுவந்த மனைவி பொன்னழகு வரப்பிலேயே நின்றுவிட்டாள். சதுரத்தின் மூலைகளில் நான்கு கருவேலங்குச்சிகள். அவற்றைச் சுற்றி, கிழித்து முடிச்சுப்போட்ட அவளுடைய சேலை.

"யாரு வருவான்னு இதக் கட்டி வச்சிருக்கீக?"

சேலைக்கு மேலாகத் தலையை நீட்டிய பசுவை இருளாண்டி அடித்துக்கொண்டிருந்தார். அதை அவர் அடித்து அவள் பார்த்ததே இல்லை.